சராசரிக்குள் அடங்காத மருந்துகள்

நேயர்களுக்கு வணக்கம்.

அரசு மருத்துவமனைக்குப் போனால் டாக்டரைப் பார்க்கிறீர்கள், ஊசி போடும் சிஸ்டரைப் பார்க்கிறீர்கள், மாத்திரை கொடுக்கும் ஜன்னலில் மருந்தாளுநரையும் பார்க்கிறீர்கள். அந்த ஜன்னலுக்குப் பின்னால் ஸ்டோர் என்று ஓர் அறை உண்டு. திருநெல்வேலிச் சீமையில் மேற்கேயும் கிழக்கேயும் அந்த அறையின் சாவியை வைத்துக்கொண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மருந்து எப்படி வருகிறது, எப்படித் தீர்கிறது, சில நேரம் ஏன் ‘இருப்பு இல்லை’ என்று கையை விரிக்க நேர்கிறது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

வருகிற வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை 1994இல் அரசு தொடங்கியது. மாநிலம் முழுமைக்கும் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி மாவட்டக் கிடங்குகளில் இறக்குவது அவர்கள் வேலை. இறக்கிய மருந்தை உடனே வெளியே விடமாட்டார்கள். பேட்ச் வாரியாக மாதிரி எடுத்து, எந்தக் கம்பெனியின் சரக்கு என்று தெரியாதபடி குறியீட்டு எண் மட்டும் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தேறினால்தான் கிடங்குக் கதவைத் தாண்டும். மருத்துவமனைகளுக்குப் பாஸ்புக் உண்டு. ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து என்று அதில் வரவு வைப்பார்கள்; எடுக்க எடுக்கக் கழியும். இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது, மேலிருந்து யாரும் மருந்தைத் திணிப்பதில்லை என்பதுதான். என்ன வேண்டும் என்று மருத்துவமனைதான் கேட்கிறது. அப்போது சரியாகக் கேட்கத் தெரியவேண்டும் அல்லவா? கோளாறு பெரும்பாலும் அங்கேதான்.

கேட்பதற்குக் கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்பார்மின் மாத்திரை நாளைக்கு 400 செலவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இண்டென்ட், அதாவது மருந்து கேட்டு எழுதும் சீட்டு, போட்டுச் சரக்கு வந்து சேர 15 நாள். அப்படியானால் 6,000 மாத்திரை அந்த இடைவெளிக்கே வேண்டும். வண்டி தாமதமானால் சமாளிக்க ஒரு வாரத்துக்கு 2,800; இதைக் காப்பிருப்பு என்போம். ஆக, இருப்பு 8,800க்கு இறங்கும்போதே அடுத்த இண்டென்ட் போய்விட வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே ஒத்துவரும். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கி, வீட்டுக்கே மாத்திரை போக ஆரம்பித்த பிறகும் அப்படித்தான். யாருக்கு எத்தனை மாத்திரை என்று பட்டியலே கையில் இருக்கிறதே.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. மாதம் 300 செலவாகும் மருந்து பத்து நாள் கையில் இல்லை. இருந்த இருபது நாளில் 200 போயிருக்கும். ரிஜிஸ்டரைப் பார்ப்பவர் ‘போன மாதச் செலவு 200’ என்று எழுதி, 200க்கே இண்டென்ட் போடுவார். அடுத்த மாதமும் பத்து நாள் தட்டுப்பாடு. இப்படியே வருஷக்கணக்கில் ஓடும். யாரும் தப்பு செய்ததாகவும் தெரியாது. மருந்து இல்லாத நாட்களைக் கழித்துவிட்டு, இருந்த நாட்களுக்கு மட்டும் சராசரி பார்க்கவேண்டும். கணினி வந்த பிறகும் இதைக் கவனிக்காதவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம், சராசரிக்குள்ளேயே அடங்காத மருந்துகள். அட்ரோபின் ஊசியை எடுத்துக்கொள்வோம். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்துகளில் சில வகை உடம்பில் ஏறியவர்களுக்கு அதுதான் உயிர் மருந்து. இரண்டு மாதம் ஒன்றுகூடச் செலவாகாமல் கிடக்கும். பிறகு ஒருநாள் ராத்திரி ஒருவரைக் கொண்டுவருவார்கள். சில நிமிடத்துக்கு ஒருமுறை அளவைக் கூட்டிக் கூட்டிப் போடவேண்டியிருக்கும். ஒரே ஆளுக்கு ஒரே இரவில் நூறு ஆம்பியூலும், அதாவது நூறு சின்ன ஊசிமருந்துக் குப்பியும், தாண்டலாம். இதற்கு மாதச் சராசரி பார்த்தால் என்ன வரும்? நாளைக்கு ஒன்றோ இரண்டோ. அந்தக் கணக்கை நம்பி ஒரு பெட்டி வைத்திருந்தால் விடிவதற்குள் தீர்ந்துவிடும்.

பாம்புக்கடி மருந்தும் அப்படியே. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்துக்கும் சேர்த்து ஒரே மருந்துதான் நம் நாட்டில் தருகிறார்கள். விஷம் ஏறியவருக்கு முதல் தவணையிலேயே 8 முதல் 10 குப்பி போகும். ஒரு சின்ன மருத்துவமனை ‘ஸ்டாக்கில் 6 குப்பி இருக்கிறது’ என்று அறிக்கை அனுப்பினால், காகிதத்தில் அது இருப்பு. வாசலில் வந்து நிற்பவருக்கு முதல் தவணைக்கே போதாது. நான் வேலை பார்த்த இடங்களில் இவற்றைக் குப்பிக் கணக்கில் எழுதவிடமாட்டேன். எத்தனை பேருக்குக் காணும் என்று எழுதச் சொல்வேன். இரண்டு பேருக்குக் குறைந்தால் அன்றைக்கே கிடங்குக்குப் போன்.

ஸ்டோர் பாடத்தில் இரண்டு வகையாகப் பிரிப்பார்கள். ஒன்று, விலையைப் பார்த்து: பெரும் பணத்தை விழுங்குகிற சில மருந்துகள், சில்லறைக்கு வரும் பல மருந்துகள். இன்னொன்று, உயிருக்கு எவ்வளவு அவசியம் என்று பார்த்து. ஆடிட்டின் கண் முதல் பட்டியலில்தான் இருக்கும். ஆபத்து எப்போதும் இரண்டு பட்டியலும் முட்டிக்கொள்கிற இடத்தில். செந்தேள் கொட்டினால் கொடுக்கும் பிரசோசின் மாத்திரை சில ரூபாய்தான். பிரசவத்தில் வலிப்பு வந்தால் போடும் மெக்னீசியம் சல்பேட்டும் மலிவுதான். மலிவு என்பதாலேயே யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

நம் சீமைக்கென்று ஒரு நாள்காட்டி உண்டு, அதையும் ஸ்டோர்காரன் தெரிந்துவைத்திருக்க வேண்டும். குற்றாலத்தில் சாரல் விழும் ஜூன், ஜூலையில் தென்காசிப் பக்கம் காய்ச்சல் கூடும். அதே நாளில் திசையன்விளையில் புழுதி பறக்கும். கிழக்கே மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அங்கே காய்ச்சல் கூட்டமும் அப்போதுதான். நாலைந்து மாதம் விட்டு வரும் இரண்டு பருவங்களுக்கு ஒரே பட்டியல் எப்படிப் பொருந்தும்? தாமிரபரணிப் பாசனத்தில் பிசானப் பருவ நெல்லின் நடவும் அறுப்பும் நடக்கும்போது வயலில் ஆள் நடமாட்டம் அதிகம். பாம்புக்கடி மருந்தை அதற்கு முன்பே கூட்டிவைக்க வேண்டும். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் காட்டுக்குள் குடில் போட்டு ஜனம் தங்கும். அந்த வாரம் அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் பிரசோசினும் உப்புச் சர்க்கரைப் பொட்டலமும் சாதாரண அளவில் இருந்தால் போதாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகளோடு நின்றுபோனது. சாலைகள் அறுந்தன. 15 நாளில் சரக்கு வரும் என்ற கணக்கு அன்றைக்கு அர்த்தமில்லாமல் போனது. மழைக்காலத்துக்குக் காப்பிருப்பு ஒரு வாரம் போதாது என்று அதற்குப் பிறகு நான் யாரிடமும் வாதாட வேண்டியிருக்கவில்லை. குளுக்கோஸ் பெட்டியைத் தரையில் அடுக்கக் கூடாது என்பதையும்.

குளிர் மருந்துகளைப் பற்றி ஒரே ஒரு சேதி. இன்சுலினுக்கும் தடுப்பூசிகள் பலவற்றுக்கும் 2 முதல் 8 டிகிரி. வெயில்தான் எதிரி என்று எல்லாரும் நினைக்கிறார்கள். உறைந்தாலும் கெட்டுப்போகும், ஐஸ் பையை ஒட்டி வைத்த மஞ்சள் காமாலைத் தடுப்பூசி பார்வைக்கு நன்றாகவே இருக்கும், வேலை செய்யாது. வீட்டில் இன்சுலினை ஃப்ரீசருக்குள் வைப்பவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வார்டுகளில் சிஸ்டர்கள் அலமாரிக்குள் மருந்தை ஒளித்துவைப்பதாக ஸ்டோர்காரர்கள் குறை சொல்வார்கள். உண்மைதான், ஒளிப்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்டோர் பூட்டிக் கிடந்த அனுபவம் அவர்களுக்கு இருக்கிறது. அலமாரியைச் சோதனை போடுவதைவிட, ராத்திரியும் மருந்து கிடைக்கும் என்று நிரூபித்தால் ஒளிப்பது தானாகக் குறையும். ஒளித்த மருந்துதான் பெரும்பாலும் காலாவதி ஆகிறது. ஸ்டோருக்குள் அது நடப்பதைத் தடுக்க மளிகைக்கடை அண்ணாச்சியின் வழக்கமே போதும்: புதுச் சரக்கு பின்னால், பழையது முன்னால். ஒரு திருத்தம் மட்டும், வந்த தேதியைப் பார்க்கக் கூடாது, காலாவதித் தேதியைப் பார்க்கவேண்டும். நேற்று வந்த பெட்டி முந்திக் காலாவதி ஆவது உண்டு.

கடைசியாக, ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்களுக்கு. ‘என்ன அண்ணாச்சி, போன மாசம் வெள்ளையா தந்திய, இப்ப ரோஸா இருக்கு?’ என்று ஆச்சிமார் கேட்பார்கள். டெண்டர் மாறினால் கம்பெனி மாறும், நிறமும் அட்டையும் மாறும்; மருந்து அதேதான். கேட்பவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கேட்காமல் வீட்டுக்குப் போய் இரண்டு நிறத்தையும் சேர்த்து விழுங்குகிறவர்களும், ரோஸைத் தூக்கிப் போடுகிறவர்களும்தான் கவலை. பழைய அட்டையை அடுத்த முறை கையோடு கொண்டுபோங்கள். இரண்டிலும் உள்ள பெயரை ஒத்துப் பார்த்துச் சொல்ல மருந்தாளுநருக்கு அரை நிமிஷம் ஆகும்.

வணக்கம்.