கருவாடு மணக்காத மூக்கு

நேயர்களுக்கு வணக்கம். மழைக்காலத்து மூணாறில் மூக்கு ஒழுகாத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனாலேயே காது மூக்கு தொண்டை டாக்டரான நானும் ஒரு தப்புச் செய்தேன்.

ஜீப் ஓட்டும் ஒருவர் மூன்று வருடமாக என்னிடம் வந்துகொண்டிருந்தார். மூக்கடைப்பு, கண்ணுக்குக் கீழே பாரம், குனிந்தால் தலைவலி. அலர்ஜி என்று மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுவேன். ஒருநாள் அவர் மனைவியும் கூட வந்தார். "டாக்டரம்மா, நேத்து கருவாடு வறுத்தேன், லயமே மணந்துச்சு. இவரு பக்கத்துல உக்காந்துக்கிட்டு இன்னிக்கு என்ன கொழம்புங்கறாரு. போன மாசம் கேஸ் கசிஞ்சப்பவும் அப்படித்தான்" என்றார். லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. அப்போதுதான் கேட்டேன், ஜீப் ஓட்டுவது போக வேறென்ன வேலை என்று. மண் சரிந்தால், தீப்பிடித்தால், வண்டி கவிழ்ந்தால் முதலில் ஓடும் ஆள் அவர். மலை சரிந்த பெட்டிமுடியில் நாள்கணக்கில் நின்றிருக்கிறார். மூன்று வருடமாக நான் கேட்காத கேள்வி அது.

நம் கன்ன எலும்புக்குள் காற்றறை ஒன்று இருக்கிறது, அதுதான் சைனஸ். அதன் வாசல் அடியில் இல்லை, மேலே இருக்கிறது. தண்ணீர்த் தொட்டிக்கு மேல் விளிம்பில் குழாய் வைத்த மாதிரி. உள்ளே ஊறும் சளியைக் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள்தான் ஓயாமல் அசைந்து மேலே தள்ளி வெளியேற்றுகின்றன. தூசியும் புகையும் அந்த மயிர்களை முடக்கிவிடும், வாசலும் வீங்கி அடைத்துக்கொள்ளும். அடைப்போ ஒழுக்கோ இருந்து, கூடவே முகவலியோ மணம் தெரியாமையோ சேர்ந்து, 12 வாரம் தாண்டினால் அது வெறும் சளி இல்லை. உள்நோக்கிக் குழாய் விட்டோ சிடி ஸ்கேன் எடுத்தோ பார்த்தாக வேண்டும்.

இதை உலகத்துக்கு உறைக்கச் சொன்னது நியூயார்க். 2001 செப்டம்பர் 11-இல் இரட்டைக் கோபுரங்கள் சரிந்து, சிமென்ட், ஜிப்சம், கண்ணாடி இழை எல்லாம் பொடியாகப் பறந்தன. அந்தத் தூசிக்குச் சுண்ணாம்பு மாதிரி காரம். பெரிய துகள்கள் மூக்கிலேயே தங்கிப் புண்ணாக்கின. கோபுரம் விழுந்த அன்றே போய் நின்றவர்களும், அடுத்த மே மாதம் வரை இடிபாடு அள்ளியவர்களும் வருடக்கணக்கில் சைனஸ் நோயோடு அலைந்தார்கள். முதல் நாட்களில் பலருக்குச் சரியான முகக்கவசமே இல்லை. 2011-இல் அமெரிக்க அரசு தொடங்கிய சிகிச்சைத் திட்டத்தில் இந்த நோயும் சேர்க்கப்பட்டிருக்கிறது.

நம் ஊரில் கோபுரம் விழவில்லை, மலை விழுகிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் லயங்களோடு 70 பேர் போனார்கள். இரண்டு வாரத்துக்கும் மேல் தேடினோம். அங்கே தூசி இல்லை, சேறுதான். ஆனால் ஹிட்டாச்சி எனும் மண் அள்ளும் இயந்திரங்களின் டீசல் புகை, தூவிய பிளீச்சிங் பவுடரின் நெடி, நாள் முழுக்க நனைந்த உடம்பு. மூணாறு மலைப்பாதையான கேப் ரோட்டில் பாறை சரிந்தால் கதை வேறு. பாறையை உடைக்கும்போது எழும் கல்தூள் பார்வையையே மறைக்கும். தீயணைப்பு வீரர்களுக்கோ நெருப்பு அணைந்த பிறகுதான் ஆபத்து. ஜுவாலை இருக்கும்வரை மூச்சுக்கான காற்று சிலிண்டர் மாட்டியிருப்பார்கள். அணைந்ததும் கழற்றி வைத்துவிட்டுக் கனலைக் கிளறுவார்கள். கனன்றுகொண்டிருக்கும் பிளாஸ்டிக் புகை ஜுவாலையைவிடச் சாதுவாகத் தெரியும், தெரிவது மட்டும்தான். 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் குப்பைமேடு பத்து நாளுக்கு மேல் புகைந்தது நினைவிருக்கும்.

"துண்டை நனைச்சு மூஞ்சில கட்டிக்குவோம்" என்பார்கள். துண்டு கண்ணுக்குத் தெரியும் தூசியை நிறுத்தும், நுண்தூசியையும் வாயுவையும் நிறுத்தாது. தூசிக்கு என்95 முகக்கவசம் வேண்டும், அதுவும் முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். தாடி இருந்தால் ஒட்டாது. தாடியை எடுக்கச் சொன்னால் நம் பையன்கள் கோபித்துக்கொள்கிறார்கள், நான் என்ன செய்ய? வாயு, நெடி என்றால் என்95-உம் போதாது.

வேலை முடிந்து வந்ததும் உப்புநீரால் மூக்கைக் கழுவுங்கள். இதில் மட்டும் நான் கறாராகச் சொல்வேன்: ஆற்றுநீர், கிணற்றுநீர், குழாய்த்தண்ணீர் எதையும் அப்படியே மூக்கில் விடக் கூடாது. 2024, 2025-இல் கேரளத்தில் மூளையைத் தின்னும் அமீபா என்று செய்தியில் கேட்டோமே, அது உள்ளே போகும் வழியே மூக்குதான். மூன்று நிமிடம் தளதளவென்று கொதித்து ஆறிய நீர் ஒரு டம்ளர், அரைத் தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவாக உப்பு. அதற்கும் அடங்காவிட்டால் டாக்டர் ஸ்ப்ரே எழுதுவார். வலது மூக்குக்கு இடது கையால், நடுத்தண்டில் படாமல் காதுப்பக்கம் சாய்த்து அடியுங்கள். டாக்டரிடம் போனதும் முதலில் உங்கள் வேலையைச் சொல்லுங்கள். எங்கே, எத்தனை நாள், முகத்தில் என்ன கட்டியிருந்தீர்கள் என்று சொல்லுங்கள். எல்லா டாக்டரும் கேட்பதில்லை, நானே கேட்கவில்லையே.

ஜீப்காரருக்கு ஸ்கேனில் இரண்டு கன்ன அறைகளும் அடைத்திருந்தன. ஆறு மாதமாகக் கழுவுகிறார், ஸ்ப்ரே அடிக்கிறார். போன வாரம் வாசலிலேயே நின்று சொன்னார்: "பெட்ரோல் வாடை தெரியுது டாக்டரம்மா. கருவாடுதான் இன்னும் வரல."