கயிறு கிடங்குக்குள் ஒரு கடல்

வணக்கம் நேயர்களே. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்குப் பூட்டிக் கிடக்கும் அண்டி ஆபீஸ், அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலை, ஒன்றாவது கண்ணில் பட்டிருக்கும். ஓடு சரிந்திருக்கும், புகைக்கூண்டில் அரசங்கன்று முளைத்திருக்கும். அதைப் பார்த்ததும் நிறையப் பேருக்கு ‘இது எத்தனை சென்ட் வரும்’ என்று கணக்குப் போடத் தோன்றும். எனக்கு, அந்தத் தரையில் வரிசையாக உட்கார்ந்து அண்டி தல்லிக் கை கறுத்துப்போன பெண்கள்தான் நினைவுக்கு வருவார்கள்.

இப்படி வேலை நின்றுபோன இடங்களை என்ன செய்வது? இடித்து மனை போடலாம், கல்யாண மண்டபம் கட்டலாம். இன்னொரு வழியும் உண்டு. அதை நான் கொச்சியில் பார்த்தேன், அதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன்.

ஃபோர்ட் கொச்சியில் தண்ணீரை ஒட்டி ஆஸ்பின்வால் ஹவுஸ் என்று ஒரு பெரிய வளாகம். ஜான் ஆஸ்பின்வால் என்ற ஆங்கிலேய வணிகர் 1867-இல் தொடங்கிய கம்பெனியின் இடம். தேங்காயெண்ணெய், மிளகு, மரம், இஞ்சி, மஞ்சள், பிற்பாடு கயிறு, காப்பி, தேயிலை, ரப்பர் என்று நம்ம மலையிலும் கரையிலும் விளைகிற அத்தனையும் அங்கே வந்து கப்பலேறின. ஆபீஸ், பங்களா, வரிசையாகக் கிடங்குகள். காலம் போய் வியாபாரம் நின்று சும்மா கிடந்த அந்தக் கிடங்குகளில்தான் 2012 டிசம்பர் 12-ஆம் தேதி கொச்சி முசிரிஸ் பினாலே தொடங்கியது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை உலகத்தின் பல மூலைகளில் இருந்தும் கலைஞர்கள் வந்து செய்கிற பெரிய கண்காட்சி. ஆரம்பித்தவர்கள் போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு என்ற இரண்டு ஓவியர்கள்.

2017 ஜனவரியில் என் சித்தியையும் கூட்டிக்கொண்டு போனேன். சித்தி தேங்காப்பட்டணம் பக்கம். சின்ன வயதிலிருந்து கதம்பை என்கிற தேங்காய் மட்டையைத் தல்லி, ராட்டு சுற்றிக் கயிறு திரித்தவள். ‘படம் பார்க்க நான் எதுக்கு மக்களே’ என்றாள். கயிறு கிடங்கைப் பார்க்கலாம் வா என்றேன், உடனே கிளம்பிவிட்டாள்.

ஒரு பெரிய கிடங்கு. வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே தரை இல்லை, தண்ணீர்! முழங்கால் அளவுக்குக் கடல் தண்ணீர், கிடங்கின் இந்தக் கடைசியில் இருந்து அந்தக் கடைசி வரைக்கும். சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சூரிட்டா செய்தது, பெயர் ‘வேதனையின் கடல்’. இரண்டு பக்கச் சுவரிலும் கேள்வி கேள்வியாக வரிகள் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள், அதைப் படித்துக்கொண்டே தண்ணீருக்குள் நடந்து எதிர்ச்சுவர் வரை போக வேண்டும். எங்களுக்கு முன்னால் நின்ற பிள்ளைகள் பேன்டைச் சுருட்டவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். சித்தி சேலையைத் தூக்கிச் செருகினாள், இறங்கினாள், போய்க்கொண்டே இருந்தாள். கதம்பை அழுகப் போடுகிற தண்ணீரில் வருஷக்கணக்கில் நின்ற கால் அது. காலைத் தூக்கி வைக்காமல், அடியைத் தேய்த்துத் தேய்த்து நடந்தாள், ஒரு சொட்டு தெறிக்கவில்லை.

எதிர்ச்சுவரில் இருந்ததை நான் அவளுக்குப் படித்துச் சொன்னேன். 2015-இல் சிரியாவிலிருந்து தப்பித்து வந்த ஒரு குடும்பத்தின் படகு கவிழ்ந்தது, கரையில் குப்புறக் கிடந்த ஆலன் குர்தி என்ற குழந்தையின் புகைப்படத்தை உலகமே பார்த்தது, உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அவனோடு முங்கிப்போன அவன் அண்ணன் காலிப் குர்தி. அந்த அண்ணனுக்காகச் செய்ததுதான் இது. சித்தி கேட்டாள், ‘அவனுக்க படம் எங்கே?’ அப்படியொரு படம் இல்லை சித்தி, தம்பியைத்தான் எல்லாரும் பார்த்தார்கள், இவனை யாரும் பார்க்கவில்லை, அதனால்தான் அந்தக் கவிஞர் இவனுக்காக எழுதினார் என்றேன். அவள் திரும்பி வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அதே வருஷம் நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று நம்ம கடற்கரை ஊர்களில் எத்தனை வீடு! கடலுக்குப் போய் உடல்கூடக் கிடைக்காதவர்கள் எத்தனை பேர்! இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ‘அந்தக் கொச்சிக் கிடங்கு மாதிரி இங்கேயும் ஒண்ணு வேணும் மக்களே’ என்று அப்போது சித்திதான் முதலில் சொன்னாள். வெள்ளைச் சுவரும் ஏசியும் வைத்த மண்டபத்தில் அந்தத் தண்ணீரை நிரப்பியிருந்தால் அவள் இப்படிச் சொல்லியிருப்பாளா? சொல்லியிருக்க மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். அந்தச் சுவர் உப்புக்காற்றில் அரித்த சுவர், மேலே பழைய உத்தரம், ஓட்டு இடுக்கில் வெளிச்சம். வேலை செய்தவர்களுக்குத் தெரிந்த இடம் அது. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், சுவரைச் சுரண்டாதீர்கள். ஒழுகுகிற ஓட்டை மாற்றுங்கள், கரையான் பிடித்த கட்டையை மாற்றுங்கள், ஆனால் சுவரைச் சுரண்டிப் பெயின்ட் அடித்துப் புதுசாக்கிவிடாதீர்கள்.

ஆலப்புழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1859-இல் ஜேம்ஸ் டாரா என்பவர் கயிற்றுப்பாய் நெய்கிற தொழிற்சாலை தொடங்கிய ஊர். அங்கேயும் 2021-இல் பழைய கயிறு கம்பெனிக் கட்டடங்களில் ‘லோகமே தறவாடு’, அதாவது உலகமே ஒரு குடும்பம், என்று பெரிய கண்காட்சி நடந்தது, 267 கலைஞர்கள். அந்த ஆலப்புழையைத் துறைமுகப் பட்டணமாக வளர்த்த திவான் ராஜா கேசவதாஸ் யார்? நம்ம விளவங்கோடு பக்கம் குன்னத்தூரில் பிறந்தவர். 1949 வரைக்கும் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியிலும்தானே நாமும் இருந்தோம். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டது. லண்டனில் 1981-இல் மூடிய மின்நிலையம் 2000-இல் டேட் மாடர்ன் என்ற கலைக்கூடமானதை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், டர்பைன் ஓடிய அந்தப் பெரிய கூடத்தை அப்படியே வைத்திருக்கிறார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கொச்சிக்குப் போக நினைப்பவர்களுக்கு ஒன்று: விடிவதற்கு முன்னால் நாகர்கோவிலில் பரசுராம் எக்ஸ்பிரஸைப் பிடியுங்கள், எர்ணாகுளத்தில் இறங்கிப் படகில் ஃபோர்ட் கொச்சிக்குப் போங்கள். பினாலே நடக்கிறதா, எந்தெந்தக் கட்டடத்தில் நடக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள். அப்புறம், உங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கும் அண்டி ஆபீஸோ கயிறு ஷெட்டோ இருந்தால், அங்கே வேலை செய்த அம்மாக்களிடம் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று கேட்டு இந்த மாசமே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். நன்றி, வணக்கம்.