குட்டி எம்பரர் ஏஞ்சல் வாங்கப் போகிறீர்களா? முதலில் தொட்டியை அளந்துவிடுங்கள்

வணக்கம்ங்க, கோயம்புத்தூரிலிருந்து பேசுகிறேன். எனக்குப் பின்னால் தொட்டியில் நீந்துகிறதே, நீலத்தில் மஞ்சள் கோடு போட்ட கடல் மீன், அதுதான் எம்பரர் ஏஞ்சல். கடையில் இதன் குட்டியைப் பார்த்திருப்பீர்கள். கருநீல உடம்பு முழுக்க வெள்ளை வளையங்கள் இருக்கும். வளர வளர வளையம் மறைந்து இந்தக் கோடுகள் வரும்.

குட்டி விரல் நீளம்தானே, மூன்றடித் தொட்டி போதும் என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாங்க. கடலில் 40 செ.மீ. வரை வளர்கிற மீன் இது. ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம், அதாவது சுமார் 680 லிட்டர். அதற்குக் குறைந்து நான் சொல்லவே மாட்டேன். தண்ணீரே 700 கிலோ வரும். கல்லும் கண்ணாடியும் தனி. மாடியில் வைப்பதென்றால் இன்ஜினியரைக் கேட்டுவிட்டு வையுங்கள்.

அப்புறம் தண்ணீர். நம்ம பக்கம் போர் தண்ணீர் உப்பாகத்தானே இருக்கிறது என்று அதிலேயே சால்ட்டை, அதாவது கடல் மீன் தொட்டிக்கென்று விற்கிற உப்பை, கலக்காதீர்கள். அது வேறு உப்பு, பாசியும் பிடிக்கும். சிறுவாணித் தண்ணீரிலும் குளோரின் உண்டு. எதுவானாலும் ஆர்.ஓ.வில் விட்டு, லிட்டருக்கு சுமார் 35 கிராம் சால்ட் கலந்து, உப்பின் அளவைப் பார்க்கிற ரிஃப்ராக்டோமீட்டரில் அடர்த்தி 1.025 காட்டுகிறதா என்று பாருங்கள்.

எனக்குப் பெரிய கவலை கரண்ட்தான். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும். உப்புத் தண்ணீரில் ஆக்சிஜன் நிற்பதே குறைவு, சூடானால் இன்னும் குறையும். இவ்வளவு பெரிய மீன் அதைச் சீக்கிரம் தீர்த்துவிடும். தண்ணீரைக் குளிர வைக்கிற சில்லர் மெஷினை வீட்டு இன்வெர்ட்டர் பெரும்பாலும் தாங்காது. அதனால் தண்ணீரைச் சுழற்றுகிற வேவ் பம்பையும் ஏர் பம்பையும் மட்டும் அதில் போடுங்கள். தொட்டி மேலே சின்ன ஃபேன் ஒன்று ஓடட்டும், தண்ணீர் ஆவியாகிச் சூடு இறங்கும். அன்றைக்குத் தீனி வேண்டாம். ஈரோடு, கரூர்க்காரர்கள் சித்திரை வெயிலுக்கு முன்னாலேயே இதைச் செய்து வைத்துவிடுங்கள்.

தீனி என்றால், கடலில் இது முக்கியமாகக் கடற்பஞ்சைத்தான் தின்னும். கடற்பஞ்சு கலந்த உறைதீனி, நோரி என்கிற காய்ந்த கடற்பாசித் தாள், இறால் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். பவளத்தையும் கொறிக்கும். கடலில் எடுத்த கல்பவளம் விற்பது இங்கே சட்டப்படி குற்றம், யார் தந்தாலும் வாங்காதீர்கள்.

வேறு தொட்டிக்கு மாற்றும்போது வலை போடாதீர்கள். செவுள் மூடிக்குக் கீழே கூரான முள் இருக்கிறது, வலையில் மாட்டினால் மீனுக்குக் காயம். பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் சாய்த்துப் பிடித்து, மெதுவாக அதற்குள் ஓட்டிவிடுங்கள்.