கொம்பு மட்டும் நின்ற பக்கம்

(காட்சித் தொடர்பியல் மாணவர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே 'எழுத்துரு வல்லுநர்' என்று போட்டிருக்கிறீர்கள். வீட்டில் பார்த்தால் சிரிப்பார்கள். நான் இருபது வருஷத்துக்கு மேல் பத்திரிகை அலுவலகங்களில் லே-அவுட், அதாவது பக்க வடிவமைப்பு, செய்தவன். கட்டுரையைக் கொடுத்து, "நாலு பக்கம், சாயங்காலம் அச்சுக்குப் போகணும்" என்பார்கள். மிச்சம் என் பாடு. அந்தப் பாட்டில் கற்றதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் நான் அடித்த கூத்து ஒன்று. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருந்த பாமினி எழுத்துரு கோலோச்சிய காலம். கிராமத்துத் திருவிழா பற்றிய கட்டுரை, 'பொழுது சாய்ந்தது' என்று ஆரம்பிக்கும். முதல் எழுத்தை மூன்று வரி உயரத்துக்குப் பெரிதாக்கும் 'டிராப் கேப்' வேண்டும் என்று எனக்கு ஆசை. கட்டளையைத் தட்டினேன். நமக்கு 'பொ' ஒரே எழுத்து. அந்த எழுத்துருவில் அது மூன்று தட்டு: கொம்பு, ப, கால். கணினி முதல் தட்டை மட்டும் பெரிதாக்கிவிட்டது. பக்கத்தின் மூலையில் கொம்பு மட்டும் மூன்று வரிக்கு நிற்கிறது, ஆட்டைக் காணோம். அதையடுத்து, 'பாழுது சாய்ந்தது'. ப்ரூஃப் பார்த்தவர் கண்ணிலும் படவில்லை. அச்சாகிக் கடைக்குப் போய்விட்டது.

எப்படித் தப்பியது? நான் அந்தப் பக்கத்தைப் படமாகப் பார்த்தேன், படிக்கவில்லை. இன்று உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பக்கத்தில் கை வைக்கும் முன்பு கட்டுரையை வாய்விட்டு ஒரு தடவை படியுங்கள். எங்கே மூச்சு வாங்குகிறது, எங்கே குரல் இறங்குகிறது என்று காதுக்குத் தெரிந்த பிறகு மவுஸைத் தொடுங்கள்.

உங்களில் பலருக்கு அமெரிக்க வடிவமைப்பாளர் டேவிட் கார்சன் கடவுள். தெரியும், விடுதிச் சுவரில் பார்த்தேன். 1994-இல் 'ரே கன்' என்ற இசை இதழில் பாடகர் பிரையன் ஃபெர்ரியின் பேட்டி சலிப்பாக இருக்கிறதென்று, முழுவதையும் ஜாஃப் டிங்பேட்ஸ் என்ற குறியெழுத்துருவில் போட்டார் அவர். நட்சத்திரமும் அம்புக்குறியுமாக ஒரு பேட்டி! உலகமே பேசியது. நாங்கள் அந்தப் புரட்சியைத் தினமும் செய்துகொண்டிருந்தோம், வேறு வழியில்லாமல். பாமினி இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகளாக வந்து நிற்கும். எங்களை யாரும் பேட்டி எடுக்கவில்லை. கார்சனை நான் குறை சொல்லவில்லை. அவர் அந்தப் பேட்டியைப் படித்துவிட்டுத்தான் அப்படிச் செய்தார். அவரைப் பார்த்துச் செய்பவர்கள் அந்தப் படிக்கிற வேலையை விட்டுவிடுகிறார்கள்.

இங்கே ஆங்கில மாதிரிகளை வைத்துத்தான் பாடம் நடக்கிறது. அதில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து உண்டு. சாய்வெழுத்து உண்டு, அதுவும் சும்மா சாய்ந்ததில்லை. வெனிஸ் நகரத்தில் ஆல்டஸ் மனூட்டியஸ் என்ற பதிப்பாளர் 1501-இல் அதில் புத்தகம் போட்டபோதே, கையெழுத்தைப் பார்த்து வெட்டிய தனி எழுத்தாக அது இருந்தது. நாம் தமிழ் எழுத்தைக் கணினியில் பிடித்துச் சாய்க்கிறோம். வழுக்கி விழப்போகிற மாதிரி இருக்கிறது. அது தேவையும் இல்லை. 'அவன் வந்தான்' என்பதில் 'அவன்' மேல் அழுத்தம் வேண்டுமென்றால் எழுதுகிறவரே 'அவன்தான் வந்தான்' என்று எழுதிவிடுகிறார். அழுத்தம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு மேல் நீங்கள் தடித்த எழுத்தும் சிவப்பு நிறமும் போட்டால், காது கேட்கிறவரிடம் கத்திப் பேசுவது மாதிரி.

சொல் நீளத்துக்கு வருவோம். 'எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்'. எண்ணிப் பாருங்கள், பதினைந்து எழுத்து. ஒடுங்கிய பத்தியில் இரண்டு ஓரமும் நேராக வர வேண்டும் என்று ஜஸ்டிஃபை செய்தால், இந்தச் சொல் அடுத்த வரிக்குக் குதித்துவிடும். மேல் வரியில் மிஞ்சிய மூன்று சொல் பல் போன வாய் மாதிரி இளிக்கும். உடைத்துப் போடலாம் என்றால், வரியின் தொடக்கத்தில் புள்ளி வைத்த எழுத்து வந்து நிற்கும். 'க்' என்று ஒரு வரியைத் தொடங்கிப் படித்துப் பாருங்கள், விக்கல் எடுக்கும். நான் வலது ஓரத்தை அப்படியே விட்டுவிடுவேன். ஒழுங்கில்லை என்று ஆசிரியர்களிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். வரிக்கு வரி இடைவெளியும் அப்படித்தான். மேலே கி, கீ விசிறி. கீழே து, ழு, ஞூ வால். ஆங்கிலத்துக்குச் சரியாக இருக்கும் லீடிங்கை அப்படியே போட்டால் மேல்வரி வாலும் கீழ்வரி விசிறியும் சண்டை போடும். பத்துப் பாயிண்ட் எழுத்துக்குப் பதினாலு பாயிண்டாவது கொடுங்கள்.

போன வருஷம் ஒரு பட்டறையில் பயிற்சி ஒன்று கொடுத்தேன். ஒரு பக்கக் கட்டுரை. ஒரே எழுத்துரு, ஒரே அளவு, கறுப்பு மட்டும். படம் கூடாது. ஒரு தம்பி மழையைப் பற்றிய கட்டுரையை எடுத்தான். 'மழை' வருகிற இடத்திலெல்லாம் எழுத்துகளைச் சிதறவிட்டுச் சொட்டச் சொட்டப் போட்டிருந்தான். கைதட்டு வாங்கியது. நான் தட்டவில்லை. மழை என்று படித்தவனுக்கு மழை தெரியும், மறுபடி எதற்கு நனைக்க வேண்டும்?

இன்னொரு பெண் எடுத்தது, ஒரு கிணற்றுக்கு வருஷா வருஷம் கயிறு நீளமாக வேண்டியிருந்த கதை. நாலு பாரா, தாளில் அடுத்தடுத்து நிற்கும் நாலு பத்தியாக. முதல் பத்தி தாளின் உச்சியில் தொடங்கியது. இரண்டாவது நாலு விரற்கடை கீழே. மூன்றாவது பாதித் தாளில். நாலாவது பத்தியில் அடியில் இரண்டே வரி, மேலே முழுக்க வெள்ளை. ஒரு எழுத்தையும் அவள் வளைக்கவில்லை. அந்த வெள்ளையில் கண் இறங்கி இறங்கி வரும்போது தொண்டை காய்ந்தது எனக்கு. எப்படித் தோன்றியது என்று கேட்டேன். "படிச்சப்போ ஒவ்வொரு பாரா முடிஞ்சதும் கொஞ்ச நேரம் பேசாம இருந்தேன் சார், அந்த நேரத்தைத்தான் விட்டேன்" என்றாள்.

இது நமக்குப் புதுசும் இல்லை. சம்பந்தர் 7-ஆம் நூற்றாண்டிலேயே திருவெழுகூற்றிருக்கை பாடிவிட்டார். ஒன்று, இரண்டு, ஒன்று. ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணிக்கை ஏறி இறங்கி ஏழு வரை போகும். அந்த அமைப்பைக் கட்டம் கட்டி எழுதினால் தேர் வடிவம் வரும், ரதபந்தம். தேரை வரைந்துவிட்டுச் சொல்லை அதற்குள் திணித்ததாக எனக்குத் தோன்றவில்லை. பாட்டுக்குள்ளே எண்ணிக்கை இருந்தது, தேர் அதிலிருந்து எழுந்தது. கிணற்றுப் பெண் செய்ததும் அதுதான். மழைத் தம்பி தேரை முதலில் வரைந்துவிட்டான்.

ஒரே ஓர் எழுத்தாலும் பேச முடியும். பெரியார் 1935-இல் 'குடி அரசு' இதழில் கையாளத் தொடங்கிய சீர்திருத்த எழுத்தைத் தமிழக அரசு 1978-இல் ஏற்றது. அதற்கு முன் அச்சில் ணை, லை, ளை, னை நாலும் முன்னால் தனிக் குறி இல்லாமல், எழுத்தோடு ஒட்டிய வளைவோடு, யானை மாதிரித் துதிக்கை தூக்கி நிற்கும். வயதான ஒருவருக்கான அஞ்சலிப் பக்கத்தில், தலைப்பில் வந்த ஒரே ஒரு 'லை'யை மட்டும் பழைய துதிக்கையோடு நான் வரைந்து வைத்தேன். கட்டுரைக்குள் எல்லாம் புது எழுத்து. இளைஞர்கள் கவனிக்கவில்லை. மூத்த வாசகர் ஒருவர் அஞ்சலட்டை போட்டார்: 'எங்க வாத்தியார் எழுதின லை'.

சரி, மணி நாலாகிறது. உங்கள் நாற்காலிக்கு அடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கும், எடுங்கள். உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு அம்மாவைப் பற்றிய இருநூறு சொல். விதி அதேதான்: ஒரே எழுத்துரு, ஒரே அளவு, கறுப்பு. முதல் பத்து நிமிஷம் யாரும் லேப்டாப்பைத் திறக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவருக்கு வாசித்துக் காட்டுங்கள், சத்தமாக. இந்தக் கூடம் சந்தைக்கடை மாதிரி இருக்கும், பரவாயில்லை. ஆறு மணிக்கு அந்த வடக்குச் சுவரில் ஒட்டிவிடுங்கள். விதியை மீறி டிராப் கேப் போடுகிறவர்கள் மட்டும் என்னிடம் ஒருமுறை காட்டிவிட்டு ஒட்டுங்கள்.