பீடத்துக்கும் நிலம் வேண்டும்

(ஹட்டனில் நடந்த பாடசாலை மாணவர்களின் சித்திர, சிற்பக் கண்காட்சித் தொடக்க விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, ஆசி வழங்கி அமர்ந்திருக்கும் வணக்கத்துக்குரிய தேரர் அவர்களே, சிவஸ்ரீ குருக்கள் ஐயா அவர்களே, அருட்தந்தை அவர்களே, மௌலவி அவர்களே, நகர சபையின் கௌரவ உறுப்பினர்களே, கல்விப் பணிப்பாளர் அவர்களே, அதிபர்களே, சித்திர பாட ஆசிரியர்களே, தொழிற்சங்கத் தோழர்களே, பல தோட்ட டிவிஷன்களிலிருந்தும் அரைநாள் பேரை, அதாவது அரைநாள் சம்பளத்தை, விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் என் வணக்கம். பஸ் நிலையத்திலிருந்து இந்த மண்டப வாசல் வரை தப்படித்து எங்களை அழைத்து வந்த தம்பிமாரைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். மழையில் தப்பு நனைந்தால் ஓசை இறங்கிவிடும். நடுவழியில் நின்று தீ மூட்டிக் காய்ச்சி மறுபடி அடித்தார்கள். அவர்களுக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள்.

பொன்னாடை போர்த்திய பெற்றோர் சங்கச் செயலாளருக்கு நன்றி. எனக்கு முன்னால் பேசிய நகர சபை உறுப்பினர், கண்காட்சிக்கு மண்டபத்தைக் கட்டணம் இல்லாமல் வாங்கித் தந்தவர். அவருக்கும் நன்றி. தேரர் அவர்கள் பன்சலைப் பிள்ளைகள் செய்த களிமண் வேலைகளையும் இங்கே கொண்டுவந்து வைக்கச் சம்மதித்தார். அதனால்தான் இது முழு நகரத்தின் கண்காட்சியாக ஆகியிருக்கிறது.

எனக்குத் தந்த தலைப்பு, 'உலக ஒற்றுமையும் பொதுவெளிச் சிற்பங்களும்'. மூன்று விஷயம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஒன்று, சிற்பங்கள் நாடுகளை எப்படிச் சேர்த்தன என்பது. இரண்டு, சிற்பக்கலை நம் இளைஞர்களுக்கு எப்படித் தொழிலாகலாம் என்பது. மூன்று, நம் மலையகத்தில் என்ன சிற்பம் எழ வேண்டும் என்பது. இவை மூன்றுக்கும் அடியில் ஒரு பழமொழி இருக்கிறது. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம். இதை நான் இன்று சில தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் விஷயம். நியூயோர்க்கில் ஐக்கிய நாடுகள் சபையின் தோட்டத்தில் ஒரு வெண்கல மனிதர் நிற்கிறார். ஒரு கையில் சம்மட்டி, மறுகையில் வாள். அந்த வாளை அடித்து அடித்து ஏர்க்கொழுவாக வளைத்துக்கொண்டிருக்கிறார். கைத்தசை முறுக்கேறியிருக்கிறது, வாள் பாதி வளைந்துவிட்டது. சோவியத் நாடு 1959 இல் கொடுத்த அன்பளிப்பு இது. அமெரிக்காவும் சோவியத்தும் அணுகுண்டைக் காட்டி ஒன்றை ஒன்று மிரட்டிக்கொண்டிருந்த காலம் அது. அந்த நேரத்தில் எதிராளியின் ஊரில் போய் நின்ற சிற்பம், அருட்தந்தை அறிந்த ஏசாயா தீர்க்கதரிசியின் வாக்கை வெண்கலத்தில் வார்த்தது. செய்தவர் வுச்செட்டிச். இதே கைதான் பிறகு வொல்கோகிராட் குன்றின் மேல் வாளை ஓங்கி நிற்கும் தாயின் பிரமாண்டமான சிலையையும் எழுப்பியது. வாளை ஓங்கத் தெரிந்த கைக்கு அதை உருக்கவும் தெரியும். இதை நான் முக்கியமாகப் பார்க்கிறேன்.

அதே தோட்டத்தில் இன்னொன்று உண்டு. குதிரை மேல் வீரர் ஒருவர் நாகப் பூதத்தை ஈட்டியால் குத்துகிறார். அந்தப் பூதத்தின் உடம்பு எதனால் ஆனது தெரியுமா? உண்மையான ஏவுகணைகளின் துண்டுகளால். 1987 ஒப்பந்தத்தின்படி இரண்டு வல்லரசுகளும் உடைத்துப்போட்ட சோவியத் எஸ்எஸ்-20, அமெரிக்க பேர்ஷிங்-2 ஏவுகணைகளின் துண்டுகளை எடுத்து, செரெத்தேலி என்ற சிற்பி செய்தார். 1990 இல் அங்கே நிறுவினார்கள். குழாயை முடிச்சுப் போட்ட துப்பாக்கி ஒன்றும் அங்கே உண்டு. லக்சம்பேர்க் என்ற சின்ன நாடு 1988 இல் கொடுத்தது. படத்தை இங்கே மாணவர்கள் ஒட்டியிருக்கிறார்கள், பாருங்கள்.

ஜப்பானின் ஹிரோஷிமாவில் சடாக்கோ என்ற சிறுமி, குண்டு விழுந்தபோது இரண்டு வயதுக் குழந்தை, 1955 இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தாள். அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் தொடங்கிய சேகரிப்பில் பிற நாட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து கொடுத்த காசில் 1958 இல் சிலை எழுந்தது. கையில் கொக்கைத் தூக்கிப் பிடித்திருக்கும் அந்தச் சிறுமிக்கு இன்றும் உலகமெங்கிருந்தும் காகிதக் கொக்குகள் வருகின்றன. அதே ஜப்பானில், காமகுராவின் பெரிய புத்தர் கோயிலில், நம் நாட்டுக்காரர் ஒருவருக்கும் நினைவுக்கல் உண்டு. 1951 இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில், பின்னாளில் நம் ஜனாதிபதியான ஜே. ஆர். ஜயவர்தன, பகை பகையால் தணியாது என்ற புத்தர் வாக்கைச் சொல்லி, ஜப்பானிடம் நட்டஈடு வேண்டாம் என்றார். அந்த வாக்கைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அவருடைய ஆட்சிக் காலத்தைப் பற்றி மலையகத்தார் நாம் சொல்லக்கூடியவை வேறு. அந்த வாக்கு மட்டும் நல்ல வாக்கு. தேரர் முன்னிலையில் அதை நினைவுகூர்வதில் எனக்கு மகிழ்ச்சி.

அமெரிக்காவின் சுதந்திரச் சிலைக்கு வருவோம். பிரான்ஸ் மக்கள் கொடுத்த பரிசு. சிற்பி பார்த்தோல்டி, உள்ளே இரும்புக்கூடு போட்டவர் ஈஃபெல். 1885 இல் சிலை துண்டு துண்டாகப் பெட்டிகளில் கப்பலில் வந்து இறங்கியது. ஆனால் நிறுத்துவதற்குப் பீடம் இல்லை! பணம் போதவில்லை. செல்வந்தர்கள் கையை விரித்தார்கள். புலிட்சர் என்ற பத்திரிகைக்காரர், காசு கொடுக்கிற ஒவ்வொருவர் பெயரையும் பத்திரிகையில் போடுகிறேன் என்று அறிவித்தார். 1 இலட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொடுத்தார்கள். பெரும்பாலானோர் கொடுத்தது ஒரு டொலருக்கும் குறைவு. அந்தச் சில்லறைக் காசில் பீடம் எழுந்து, 1886 ஒக்டோபர் 28 இல் சிலை திறக்கப்பட்டது. சுவர் இருந்தால்தான் சித்திரம்.

பீடத்தைப் பற்றி நம் தமிழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கன்னியாகுமரியில் கணபதி ஸ்தபதி எழுப்பிய வள்ளுவர் சிலையின் மொத்த உயரம் 133 அடி. அதில் பீடம் மட்டும் 38 அடி. அறத்துப்பாலின் அதிகாரங்கள் 38. மீதி 95 அடி, பொருளும் இன்பமும். அறத்தின் மேல்தான் மற்ற இரண்டும் நிற்கும் என்பதை ஸ்தபதி கல்லிலேயே காட்டிவிட்டார்.

இனி ஒரு சம்பவம். தாய்மார் இதைக் கேட்க வேண்டும். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலை விற்பனை நிலையத்தின் முன்னால், சுற்றுலாக்காரர் படம் எடுத்துக்கொள்ள, கொழுந்து பறிக்கும் பெண்ணின் சிமெந்துச் சிலை ஒன்று வைக்க முடிவு செய்தார்கள். கண்டியிலிருந்து ஒரு சிங்களச் சிற்பி வந்தார். நல்ல மனிதர், நல்ல கைவேலைக்காரர். பார்த்துச் செய்ய ஒருவர் வேண்டும் என்று தோட்டத்தில் கேட்க, எங்கள் பெரியம்மாவைக் கூட்டிப்போனார்கள். நானும் துணைக்குப் போனேன். அவர் பெரியம்மாவை 'அக்கே' என்பார், பெரியம்மா அவரைத் 'தம்பி' என்பார். பெரியம்மா போனபோது சிலை முக்கால்வாசி முடிந்துவிட்டது. சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இந்தப் புள்ள கொழுந்து எடுக்கல, பூப் பறிக்குது."

உண்மைதான். சிலையின் ஒரு கை இடுப்பில், மற்றக் கை ஒரே ஒரு தளிரை நுனிவிரலில் பிடித்திருந்தது. "இடுப்புல கை வச்சிக்கிட்டு நின்னா கங்காணி சும்மா விடுவாரா? ரெண்டு கையும் வேல செய்யணும் தம்பி" என்று சொல்லி, பெரியம்மா பக்கத்துச் செடியில் கை வைத்தார். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ரெண்டு இலை ஒரு மொட்டு, டக் என்று ஒரு ஒடி. உள்ளங்கை நிறைகிற வரைக்கும் விரல் நிற்காது. நிறைந்ததும் கை தோளுக்கு மேலே போய்க் கூடைக்குள் கொட்டிவிட்டுத் திரும்பும், கண் மட்டும் செடியிலேயே இருக்கும். இங்கே இருக்கிற தாய்மாருக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. சிற்பி வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கூடை. "கயிறு தோள்லயா போகுது? தலையில போடு." அப்புறம் இடுப்பு. "படங்கு எங்க? படங்கு கட்டாம மலைக்குப் போனா செடி கிழிச்சிரும், பனி நனைச்சிரும்." அப்புறம் கால். "செருப்பு போட்டிருக்கே, யாரு வாங்கிக் கொடுத்தா?" அந்தச் சிற்பி கோபப்படவில்லை. சுத்தியலை எடுத்து, தான் செய்த இரண்டு கைகளையும் தானே உடைத்தார். பெரியம்மாவின் கையைப் பார்த்துப் பார்த்துப் புதிதாகப் பூசினார். விரல் நுனியில் கொழுந்துக் கறை ஏறி வெடித்திருக்கும் கோடுகளைக்கூடக் கம்பியால் கீறினார். ஒற்றுமைக்கு அதைவிடப் பெரிய சிற்பத்தை நான் நேரில் பார்த்ததில்லை.

எல்லாம் முடிந்து தேநீர் குடிக்கும்போது பெரியம்மா கேட்டார்: "இவள எங்க நிப்பாட்டப் போறீங்க?" சிற்பி இடத்தைக் காட்டினார். ரோட்டோரம், சுற்றி இரும்பு வேலி, மேலே கூரை, நாலு பக்கமும் புல் பதித்து. "எத்தன பேர்ச்சஸ் வரும்?" என்று காணி அளவைக் கேட்டார். "ரெண்டு இருக்கும் அக்கே." பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எங்க பாட்டி இந்தத் தோட்டத்துல செத்தா. எங்க அம்மா இங்க பொறந்து இங்க செத்தா. நான் பேர் பதிஞ்ச நாள்லருந்து கூட தூக்குறேன். எனக்கு வேலி அடிக்க ஒரு முழம் எடமில்ல. நேத்து வந்த சிமெந்துப் புள்ளைக்கு ரெண்டு பேர்ச்சஸா?"

தாய்மார்களே, ஐயாமார்களே, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் மலையகத்தில் எந்தச் சிற்பத்தையும் திறக்க முடியாது.

இரண்டாவது விஷயத்துக்கு, அதாவது சிற்பத் தொழிலுக்கு, நேரம் இடம் தராது என்று தெரிகிறது. கல்விப் பணிப்பாளர் ஐயாவிடம் எழுத்தில் தருகிறேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன். கவ்வாத்து மலையில் கிடக்கும் மிலாறை, அதாவது வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சிகளை, கட்டி ஐந்து கைகள் செய்திருக்கிறாளே பத்தாம் வகுப்பு மாணவி, அதை எல்லோரும் போய்ப் பாருங்கள். அடுப்புக்குப் போகவேண்டிய மிலாறு அது.

மூன்றாவதுக்கு வருகிறேன். லூல்கந்துரவில் 1867 இல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லருக்குக் கண்டி மஹையாவ மயானத்தில் கல் இருக்கிறது. 1892 இல் இறந்தார், வயது 57. எல்லாம் எழுதியிருக்கிறது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருடைய உடலை லூல்கந்துரவிலிருந்து கண்டி வரைக்கும் தோளில் சுமந்து நடந்தவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். அவர்களில் ஒருவர் பெயராவது அந்தக் கல்லில் உண்டா? 2023 இல், இந்தியாவிலிருந்து நாம் வந்து 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தார்களே, அன்று நம் முன்னோர் நடந்து வந்தபோது அந்தப் பாதையில் விழுந்து இறந்தவர்களுக்குக் கல் எங்கே? 1940 இல் முல்லோயா தோட்டத்தில் பொலிஸ் சூட்டில் இறந்த தொழிலாளி கோவிந்தனை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதனால் நான் கேட்பது இது. ஹட்டனில் ஒரு சிற்பம் எழ வேண்டும். இந்தியச் சிற்பி ஒருவர், பிரித்தானியச் சிற்பி ஒருவர், நம் நாட்டுச் சிங்கள, தமிழ், முஸ்லிம் சிற்பிகள் சேர்ந்து செய்யட்டும். மூன்று நாடுகளுக்கும் இந்த மலையில் பழைய கணக்கு இருக்கிறது. 1948 இல் நம் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964 இல் இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுத் தலைவர்கள் உட்கார்ந்து, 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பங்கு போட்டார்கள். கோச்சியில் ஏறிப்போன சொந்தங்களை இந்த ஹட்டன் ஸ்டேஷன் மறக்கவில்லை. நாடுகள் கூடி நம்மைப் பிரித்தன. ஒரு தடவையாவது நாடுகள் கூடி நம்மைச் சேர்க்கட்டும்.

ஆனால் அந்தச் சிற்பம் முதலில் நிற்காது. முதலில் காணி. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்று நம் முன்னோர் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக்காம்பரா, தோட்ட வரிசைவீட்டில் ஒரு அறை, அதன் சுவர்கூட நமக்குச் சொந்தமில்லை. ஆணி அடிக்கத் தோட்டத்திடம் கேட்க வேண்டும். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணன் குண்டடிபட்டு இறந்தது எதற்காக? 7,000 ஏக்கர் காணியைப் பறிக்க வந்ததை மறித்ததற்காக. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்த மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடியது. சொந்தமாகப் பாதுகாப்பான காணி இருந்திருந்தால் அந்தச் சரிவுக்குக் கீழே யார் குடியிருந்திருப்பார்கள்? அதற்குப் பிறகு 7 பேர்ச்சஸ் என்றார்கள், 10 பேர்ச்சஸ் என்றார்கள். வீடுகள் கொஞ்சம் வந்தன, இந்தியா கட்டித் தந்ததும் உண்டு, நன்றி. உறுதிப்பத்திரம் எத்தனை பேர் கையில் இருக்கிறது? நாங்கள் கேட்பது குடும்பத்துக்கு 20 பேர்ச்சஸ். வீட்டுக்கும், தோட்டம் போடவும், மாட்டுக்கும். உறுதியில் கணவன் பெயரோடு மனைவியின் பெயரும் வர வேண்டும். ஏனென்றால் கூடையைச் சுமந்தவள் அவள்.

வாசலில் மேசையில் மனுத்தாள்கள் இருக்கின்றன. பெயர், தோட்டம், டிவிஷன், லய இலக்கம், எத்தனை தலைமுறை, இவ்வளவுதான் கேட்டிருக்கிறோம். எழுதத் தெரியாத தாய்மாருக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுங்கள், கைநாட்டை அவர்களே வைக்கட்டும். தாள்கள் வெள்ளிக்கிழமை பிரதேச செயலகத்துக்குப் போகின்றன. நூறு பேராவது கூட வந்தால் நல்லது. காலை ஒன்பது மணிக்கு மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நிற்பேன். வணக்கம்.