போத்தலில் சிவப்பு வட்டம், கிளாசில் ஒன்றுமில்லை: மெனுவில் சீனி எச்சரிக்கை ஏன் வேண்டும்?

[காட்சி: ஹட்டன் டவுனில் ஒரு கூல்பார். கண்ணாடி அலமாரியில் சோடாப் போத்தல்கள். ஒரு போத்தலின் லேபிள் நெருக்கமாகத் தெரிகிறது.]

வணக்கம். இந்த லேபிளில் ஒரு நிற வட்டம் இருக்கிறது, பாருங்கள். 2016 ஆகஸ்ட் 1ஆம் திகதியிலிருந்து இலங்கையில் சீனி சேர்த்த பானங்களுக்கு இது கட்டாயம். 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2க்கும் குறைவென்றால் பச்சை. 2019இல் வந்த ஒழுங்குவிதி பொதியில் அடைத்த மற்ற உணவுகளுக்கும் சீனி, உப்பு, கொழுப்பு என்று மூன்றுக்கும் நிறம் கேட்டது. நம்ம நாடு இந்த விஷயத்தில் பலருக்கு முன்னாலேயே நடந்திருக்கிறது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

[காட்சி: அதே போத்தல் திறக்கப்படுகிறது. உயரமான கிளாசில் ஊற்றி, மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீம் வைத்து மேசைக்கு வருகிறது.]

இப்போது அதே சோடா கிளாசுக்கு வந்துவிட்டது. மேலே ஐஸ்கிரீம், ஒரு ஸ்ட்ரோ, மெனுவில் அழகான ஒரு பெயர், பக்கத்தில் விலை. அந்த வட்டம் எங்கே போனது?

சீனி குறையவில்லை, ஐஸ்கிரீமோடு சேர்ந்து கூடித்தான் இருக்கிறது. ஆனால் பொதியில் அடைத்து விற்றால் மட்டும்தான் நிறம் போட வேண்டும். கடையில் கலந்து கொடுத்தால் யாரும் எதையும் எழுதத் தேவையில்லை. இந்த வீடியோ முழுக்க இந்த ஒரு ஓட்டையைப் பற்றித்தான்.

[காட்சி: மேசையில் ஒரு வெள்ளைத் தட்டு. தேக்கரண்டியால் சீனியை ஒவ்வொன்றாகப் போடுகிறோம்.]

கணக்குப் பார்ப்போம். தலைதட்டிய ஒரு தேக்கரண்டி சீனி ஏறக்குறைய 4 கிராம். சிவப்பு வட்டம் ஆரம்பிக்கிற 11 கிராம் கணக்கில் 400 மில்லிலீட்டர் சோடாவை எடுத்தால் 44 கிராம். அதாவது 11 தேக்கரண்டி. தட்டில் குவிந்திருக்கிறதே, அவ்வளவும் ஒரு போத்தலில்.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன அளவு என்ன? வெளியிலிருந்து சேர்க்கிற சீனி, தேன், பாணி, பழச்சாற்றில் இருக்கிற சீனி எல்லாம் சேர்த்து, ஒரு நாளில் நமக்குக் கிடைக்கிற சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். 2000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்கு அது 50 கிராம். அதையும் பாதியாக்கி 25 கிராமுக்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது என்கிறது. சாதாரண பாலில் இயல்பாக உள்ள சீனியும் முழுப் பழத்தில் உள்ள சீனியும் இந்தக் கணக்கில் வராது. நுவரெலியா ஸ்ட்ரோபெரியைக் கழுவி அப்படியே சாப்பிடுங்கள், ஒரு பிரச்சினையும் இல்லை. அதையே சிரப், ஐஸ்கிரீம், சீனி போட்டு மில்க் ஷேக்காக அடித்தால் கணக்கு வேறு.

தயிரும் கித்துள் பாணியும் சாப்பிடுகிறவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். பாணி இயற்கையானது, சீனி மாதிரிக் கெடுதல் செய்யாது என்ற நம்பிக்கை நம்மிடம் ரொம்ப உறுதியாக இருக்கிறது. பாணியில் பெரும்பகுதி சீனிதான். இந்த 50 கிராமுக்குள் அதுவும் அடங்கும்.

[காட்சி: நியூயோர்க் நகரத்து உணவகம் ஒன்றின் மெனுப் பலகை, வரைபடமாக. ஒரு பானத்தின் பெயருக்குப் பக்கத்தில் முக்கோணம், அதற்குள் சீனி குவிந்த கரண்டி.]

சரி, உணவக மெனுவில் எச்சரிக்கை போடுவது நடக்கிற காரியமா? அமெரிக்காவின் நியூயோர்க் நகரம் செய்திருக்கிறது. 2015இலேயே அங்கே உப்புக்கு இப்படி ஒரு அடையாளம் வந்தது: முக்கோணத்துக்குள் உப்புக் குடுவை. உணவக உரிமையாளர் சங்கம் நீதிமன்றத்துக்குப் போயும் அந்த விதி நின்றது. 2023இல் சீனிக்கும் சட்டம் போட்டார்கள். 2025 அக்டோபரில் அது நடைமுறைக்கு வந்தது. நாடு முழுக்க 15 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகளை வைத்திருக்கிற உணவகங்களுக்குத்தான் இது பொருந்தும். ஒரு பானத்திலோ உணவிலோ சேர்த்த சீனி 50 கிராமைத் தாண்டினால் அதன் பெயருக்குப் பக்கத்தில் அந்தக் கரண்டி முக்கோணம் வர வேண்டும். தனி மனிதர் நடத்துகிற மூலைக்கடை பயப்படத் தேவையில்லை. சமையல் குறிப்பும் அளவும் எல்லாக் கிளையிலும் ஒன்றாக இருக்கிற பெரிய நிறுவனம்தான் சீனியைக் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். அது நியாயமான ஏற்பாடு.

ஆனால் அந்த 50 கிராம் எல்லையை எனக்கு ஏற்க முடியவில்லை. அது ஒரு நாள் முழுவதற்குமான உச்ச அளவு. ஒரே கிளாசில் 48 கிராம் இருக்கிற பானம் எந்த அடையாளமும் இல்லாமல் மெனுவில் நிற்கும். அடையாளம் இல்லாததைப் பார்க்கிறவர், "இதில் சீனி குறைவு போல" என்று நினைத்துவிடுவார். அந்த நினைப்பு, அடையாளமே இல்லாத பழைய மெனுவை விட மோசம்.

நம்ம நிற வட்டத்திலும் இதே சிக்கல் வேறு உருவத்தில் இருக்கிறது. 100 மில்லிலீட்டரில் 10 கிராம் சீனி இருந்தால் வட்டம் செம்மஞ்சள். பார்க்கிறவர் மனதில் அது "பரவாயில்லை" என்று பதியும். அதே 400 மில்லிலீட்டர் போத்தலைக் குடித்து முடித்தால் 40 கிராம், 10 தேக்கரண்டி. சிவப்புக்கும் இதற்கும் ஒரே ஒரு தேக்கரண்டிதான் வித்தியாசம். 100 மில்லிலீட்டர் அளந்து குடிக்கிறவர் யார்? கையில் இருப்பதைத்தான் முழுதாகக் குடிக்கிறோம். அதனால் மெனுவில் அடையாளம் வருவதென்றால் ஒரு கிளாசுக்கு எவ்வளவு என்றுதான் இருக்க வேண்டும். எல்லை 25 கிராமாக இருக்கட்டும்.

[காட்சி: பலூடா போடுகிற கை. கிளாசில் கசகசாவும் ஜெலியும். சிவப்பு சிரப் மெதுவாக இறங்குகிறது.]

கண்டி டவுனில் பலூடா போடுவதைக் கிட்ட நின்று பாருங்கள். கிளாசில் முதலில் இறங்குவது ரோஸ் சிரப். சிரப்பின் எடையில் பாதிக்கு மேல் சீனி. இரண்டு மேசைக்கரண்டி ஊற்றினாலே ஏறக்குறைய 20 கிராம் ஆகிவிடும். இனிப்பான ஜெலியும் ஐஸ்கிரீமும் அதற்கு மேலே. போடுகிறவர் அளந்து ஊற்றுவதில்லை, கை நிதானம்தான். பிள்ளைகள் முகத்தைப் பார்த்து இன்னும் கொஞ்சம் ஊற்றுகிற பாசமும் அதில் உண்டு.

எச்சரிக்கை அடையாளத்தின் பெரிய பலன் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். வாங்குகிறவர் மனம் மாறுவதை விட, செய்கிறவர் அளவைக் குறைப்பது. முக்கோணம் விழக்கூடாது என்று ஒரு உணவகம் சிரப்பை ஒரு கரண்டி குறைத்தால், மெனுவை வாசிக்காதவருக்கும் சீனி குறையும்.

சிலி நாட்டில் 2016இல் பொதிகளில் கறுப்பு எண்கோணம் வந்தது. முதல் ஒன்றரை வருடத்தில் அந்த முத்திரை விழுந்த பானங்களை மக்கள் வாங்கியது கிட்டத்தட்டக் கால்வாசி குறைந்தது. முத்திரை மட்டும் இதைச் செய்யவில்லை. பிள்ளைகளை இழுக்கிற விளம்பரத்துக்கும் பாடசாலையில் விற்பதற்கும் அதே நேரத்தில் தடை வந்தது. இங்கே 2017 நவம்பரில் பானங்களில் ஒரு கிராம் சீனிக்கு 50 சதம் வரி போட்டார்கள். நாம் பார்த்த 44 கிராம் போத்தலுக்கு அது 22 ரூபாய். பிறகு வரியைக் குறைத்துவிட்டார்கள்.

[காட்சி: தலவாக்கலை பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. காலை மூடுபனி. வரிசையாகக் கிளாஸ்கள், அடியில் சீனி.]

இனி நம்ம டீக்கடை. இங்கே மெனுவே கிடையாது. டீ போடுகிறவர் கிளாசின் அடியில் முதலில் சீனியைப் போடுவார், அப்புறம் டின்பால், அதன் மேல் சாயம். டின்பாலே பாதிக்குப் பாதி சீனி. டின்பாலை விடுங்கள், பிளேன்டீ ஒன்றுக்கு 3 தேக்கரண்டி என்று வைத்தால் 12 கிராம். ஒரு நாளைக்கு நாலு டீ குடிக்கிறவருக்கு டீயிலேயே 48. எந்த ஒரு கிளாசும் எந்த எல்லையையும் தாண்டாது.

மலையில் குளிரில் கொழுந்து எடுக்கிறவருக்கு ஒரு இனிப்பு டீ எவ்வளவு பெரிய தெம்பு என்று எனக்குத் தெரியும். அந்தச் சீனியைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, நீரிழிவுக்கான கிளினிக் கொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறவர்களும் அதே லயத்து ஆட்கள்தான் என்பதால் சொல்கிறேன். நல்லவேளையாக நம்ம பக்கம் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது: சீனியைத் தனியாகக் கையில் வாங்கி, ஒரு வாய் சீனி, ஒரு மடக்கு சாயம். கலக்காமல் குடித்தால் எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பது கண்ணுக்குத் தெரியும். டீக்கடைக்குச் சட்டம் வேண்டாம். "சீனி தனியா" என்று கேட்டால் போதும்.

[காட்சி: ஒரு மெனு அட்டை. ஆங்கிலமும் சிங்களமும் மட்டும்.]

பெரிய உணவகங்களுக்குச் சட்டம் வேண்டும். நுவரெலியாவிலும் பண்டாரவளையிலும் எத்தனையோ மெனு அட்டைகளில் தமிழே கிடையாது. அங்கே எச்சரிக்கையை வசனமாக மட்டும் எழுதினால் நம்ம ஆட்களில் பலருக்கு அது போய்ச் சேராது. படமாக இருக்க வேண்டும், கீழே விளக்கம் மூன்று மொழியிலும் இருக்க வேண்டும். புதிதாகப் பாராளுமன்றத்தில் ஒரு சட்டம் கொண்டுவரக்கூடத் தேவையில்லை. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் சுகாதார அமைச்சர் ஒழுங்குவிதி வெளியிடலாம். போத்தல் வட்டமும் அப்படித்தான் வந்தது.

[காட்சி: கையால் எழுதிய ஒரு மெனுப் பலகை.]

அதுவரை கூல்பாரும் பேக்கரியும் நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மில்க் ஷேக், பலூடா, ஐஸ் கொபி என்று எழுதியிருக்கிற இடத்தில், விலைக்குப் பக்கத்தில் எத்தனை தேக்கரண்டி சீனி என்றும் எழுதுங்கள். ஒரு தடவை அளந்து பார்த்தால் போதும், எண் கிடைத்துவிடும். கீழே தமிழிலும் சிங்களத்திலும் ஒரு வரி: "சீனி குறைத்துக் கேட்டால் குறைத்துத் தருவோம்."