கால் வளைந்த பிள்ளையின் சிறுநீரை யார் பார்த்தார்கள்?

(மதுரையில் பெற்றோர், கிராம சுகாதாரச் செவிலியர், பள்ளி ஆசிரியர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

கிட்னி என்றதும் சர்க்கரை, பிரஷர், கல் இந்த மூன்றும்தான் நமக்கு ஞாபகம் வரும். அது பெரியவர்கள் கதை. பிள்ளைகளுக்குக் கிட்னி கெடுவது பெரும்பாலும் இரண்டு வழியில். கருவிலேயே கிட்னியோ சிறுநீர்ப் பாதையோ சரியாக அமையாமல் போவது ஒன்று. பரம்பரையாக வரும் மரபணுக் கோளாறு இன்னொன்று. இன்றைக்கு இரண்டாவதைப் பற்றித்தான் பேச்சு. இதில் வலி இருக்காது. முகம் வீங்கட்டும், ஒண்ணுக்குக் குறையட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருந்தால், பல வியாதிகளில் அது கடைசிக் கட்டத்தில்தான் நடக்கும். ஆரம்பத்தில் நேர்மாறாக இருக்கும்: ஒண்ணுக்கு நிறையப் போகும். பாலைத் தள்ளிவிட்டுத் தண்ணீர்ச் செம்பைப் பிடுங்குகிற பிள்ளை, ராத்திரி மூன்று தடவை எழுந்து தண்ணீர் கேட்கிற பிள்ளை, படுக்கை நனைப்பது நின்று ஏழு வயதில் மறுபடி நனைக்கிற பிள்ளை, ஊறுகாயையும் உப்பையும் தேடித் தேடித் தின்கிற பிள்ளை, வகுப்பில் எப்போதும் முதல் வரிசையிலேயே நிற்கிற குட்டைப் பிள்ளை. "அவங்க அப்பாவும் குட்டைதான்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அப்பாவின் உயரத்தையும் அளந்துவிட்டுச் சொன்னால் ஒத்துக்கொள்வேன்.

ஒரு கணக்குச் சொல்கிறேன், செல்போனில் போட்டுப் பாருங்கள். பிள்ளையின் உயரம் சென்டிமீட்டரில், அதை 0.413ஆல் பெருக்குங்கள், வருவதை ரத்தக் கிரியேட்டினினால் (தசையிலிருந்து வந்து, கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு) வகுங்கள். ஐந்து வயதுப் பிள்ளை, உயரம் 95, கிரியேட்டினின் 0.9. விடை, அதாவது கிட்னி வடிகட்டும் வேகம், 43 சொச்சம். இரண்டு வயது தாண்டிய பிள்ளைக்கு 90க்கு மேல் இருக்க வேண்டும். ஆக, கிட்னியின் வேலைத்திறன் பாதிக்கு மேல் போய்விட்டது. ஆனால் லேப் ரிப்போர்ட்டில் பக்கத்திலேயே "0.6 முதல் 1.2 வரை நார்மல்" என்று அச்சாகியிருக்கும், சிவப்பு எழுத்துகூட இருக்காது. அந்த அளவு பெரியவர்களுக்கானது. பிள்ளைக்குத் தசை குறைவு, கிரியேட்டினினும் குறைவாகத்தான் இருக்க வேண்டும். உயரம் எழுதாத சீட்டில் கிரியேட்டினினைப் படிக்கவே கூடாது என்பது என் கட்சி.

அடுத்தது தலைப்பில் சொன்ன கால் வளைவு. ரிக்கெட்ஸ், அதாவது வளரும் எலும்பு சரியாகக் கெட்டிப்படாத நோய். வைட்டமின் டி குறைவுதான் இதற்கு அதிகமான காரணம், மறுக்கவில்லை. அதனால் டாக்டர் சொல்லும் அளவில் வைட்டமின் டி ஊசி ஒரு தடவை கொடுப்பதில் தப்பில்லை. மூன்று, நான்கு வாரம் கழித்து மணிக்கட்டை எக்ஸ்ரே எடுங்கள். எலும்பு நுனியில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்திருந்தால் ஆறுகிறது என்று அர்த்தம். கோடு விழவில்லையா? இரண்டாவது ஊசியைக் கையில் எடுக்காதீர்கள். மறுபடி மறுபடி போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, நல்ல கிட்னியிலும் சுண்ணாம்பு படியும். அந்த இடத்தில் கேட்க வேண்டியவை பாஸ்பரஸ், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட் (ரத்தத்தில் அமிலத்தை முறிக்கும் பொருள்), கிரியேட்டினின், அதோடு சிறுநீர். எலக்ட்ரோலைட் என்று எழுதிக்கொடுத்தால் சில இடங்களில் சோடியம், பொட்டாசியம் இரண்டோடு அனுப்பிவிடுவார்கள். குளோரைடும் பைகார்பனேட்டும் இல்லாமல் இந்தக் கணக்கு நகராது. சோடியம் 138, குளோரைடு 114, பைகார்பனேட் 14 என்று வந்தால், 138லிருந்து மற்ற இரண்டையும் கழியுங்கள்: 10. பைகார்பனேட் குறைந்து ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கிறது, ஆனால் அயனி இடைவெளி என்கிற இந்தக் கழித்தல் விடை சாதாரணம். பிள்ளைக்குப் பேதி இல்லையென்றால் விரல் கிட்னியைத்தான் காட்டுகிறது.

அப்போது சிறுநீரின் பி.எச். பார்க்க வேண்டும்; இந்த எண் குறைந்தால் அமிலம் அதிகம் என்று அர்த்தம். ரத்தம் இவ்வளவு புளித்திருக்கும்போது நல்ல கிட்னி சிறுநீரை 5.5க்குக் கீழே இறக்கிவிடும். இறங்கவில்லை என்றால் டிஸ்டல் ஆர்.டி.ஏ. என்ற, கிட்னியால் அமிலத்தைச் சிறுநீரில் வெளியேற்ற முடியாத பரம்பரைக் கோளாறைச் சந்தேகிக்கலாம். சோதனை கெட்டுப்போவதும் இங்கேதான். காலையில் வீட்டில் பிடித்து, பைக்குள் வைத்து, வெயிலில் பஸ் ஏறி, வரிசையில் நின்று பதினொரு மணிக்குக் கொடுக்கிற சிறுநீரில் கிருமிகள் யூரியாவை அம்மோனியாவாக உடைத்திருக்கும். பி.எச். 7, 8 என்று ஏறி, இல்லாத நோய் இருப்பதாகக் காட்டும். ஆஸ்பத்திரியிலேயே பிடித்த, ஆறாத சிறுநீர் வேண்டும். சிறுநீர்த் தொற்று இருந்தால் அதைக் குணப்படுத்திவிட்டுத்தான் இந்தச் சோதனை. ஸ்கேனில் கிட்னிக்குள் சுண்ணாம்புப் படிவு தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். காது கேட்கும் திறனையும் சோதிக்க வேண்டும். இதன் சில வகைகளில் காது மந்தமாகும்.

இதற்கு வைத்தியம் மலிவானது, வாழ்நாள் முழுக்க வேண்டியது. சிட்ரேட் கரைசலில் ஷோல்ஸ் சொல்யூஷன் என்று ஒன்று உண்டு. ஒரு மில்லிக்கு ஒரு மில்லி ஈக்விவலென்ட் காரம், அதாவது அமிலத்தை முறிக்கும் பொருள். 12 கிலோ பிள்ளைக்குக் கிலோவுக்கு 3 வீதம் ஒரு நாளைக்கு 36 மில்லி, நான்கு வேளைக்கு 9 மில்லி. கைக்குழந்தைக்கு இன்னும் கூடத் தேவைப்படும். அளவை டாக்டர்தான் பைகார்பனேட்டைப் பார்த்துப் பார்த்து மாற்றுவார். ஒரே ஒரு எச்சரிக்கை, இங்கே இருக்கும் செவிலியர்களுக்கு: பொட்டாசியம் 2.5க்குக் கீழே கிடக்கிற பிள்ளைக்கு முதலில் பைகார்பனேட்டை வேகமாக ஏற்றினால், இருக்கிற பொட்டாசியமும் செல்லுக்குள் போய், கழுத்து தொங்கும், மூச்சுத் தசை சோரும். பொட்டாசியத்தைத் தூக்கிவிட்டுத்தான் அமிலத்தைச் சரிசெய்ய வேண்டும். சீராக மருந்து எடுக்கிற பிள்ளை உயரம் பிடித்துவிடும், கிட்னியும் பல காலம் தாங்கும்.

இதே கால் வளைவு, தாகத்தோடு, சிறுநீரில் சர்க்கரையும் புரதமும் போய், ரத்தச் சர்க்கரை மட்டும் சாதாரணமாக இருந்தால் அது வேறு கதை. சிஸ்டினோசிஸ் முதலில் நினைவுக்கு வர வேண்டும். சிஸ்டின் என்ற பொருள் செல்லை விட்டு வெளியேற முடியாமல் படிகமாகத் தேங்குகிற நோய். நல்லவேளை, மதுரையில் கண் மருத்துவத்துக்குப் பஞ்சமில்லை; அரவிந்த் கண் மருத்துவமனை 1976இல் தொடங்கிய ஊர் இது. ஸ்லிட் லாம்ப் என்ற, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியில் கருவிழியைப் பார்த்தால் ஊசி ஊசியாகப் படிகம் மின்னும். ஒன்றரை வயதுக்கு முன்னால் தெரியாமலும் போகலாம். அதனால் கண் சுத்தம் என்ற சீட்டை நம்பி நோயை ஒதுக்கிவிட முடியாது. வெள்ளணுவில் சிஸ்டின் அளவும் மரபணுச் சோதனையும் வேண்டும். மருந்து சிஸ்டியமின். சாதாரண வகையை ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டும், அதில் ராத்திரி வேளையும் சேர்த்தி. சிறிதாக ஆரம்பித்து நான்கைந்து வாரத்தில் முழு அளவுக்கு ஏற்ற வேண்டும். ஒரேயடியாகக் கொடுத்தால் வாந்தியில் போய்விடும். அழுகிய முட்டை வாடை வாயிலும் வியர்வையிலும் அடிக்கும். ஆசிரியர்களே, உங்கள் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், தள்ளி உட்காரச் சொல்கிற மற்ற பிள்ளைகளை நீங்கள்தான் கவனிக்க வேண்டும். கேலிக்குப் பயந்து மருந்தை நிறுத்துவதும் நடக்கிறது. வாயில் போடும் மருந்து கருவிழிக்குப் போய்ச் சேராது. அதற்குத் தனிச் சொட்டு மருந்து.

சிறுநீரில் புரதம் போய் முகம் வீங்கும் நெஃப்ராடிக் நோயைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான பிள்ளைகள் ஸ்டீராய்டிலேயே சரியாகிறார்கள், அது பரம்பரை இல்லை. ஆறு வாரம் தினமும் முழு அளவு கொடுத்தும் புரதம் நிற்காத பிள்ளைக்கும், பிறந்து ஒரு வருஷத்துக்குள் வீங்கிய பிள்ளைக்கும் மரபணு பார்க்க வேண்டும். மரபணுதான் காரணம் என்று தெரிந்தால், எதிர்ப்புச் சக்தியை அமுக்கும் மருந்துகளைப் பெரும்பாலும் நிறுத்திவிடலாம். பலன் தராத மருந்தால் கிருமித் தொற்றை வாங்குவானேன்? அந்தப் பிள்ளைக்குப் பின்னாளில் மாற்றுக் கிட்னி வைத்தால் அதில் இந்த நோய் திரும்புவதும் அரிது.

மரபணுச் சோதனைக்கு ஊதா மூடிக் குழாயில் இரண்டு மூன்று மில்லி ரத்தம் போதும். அம்மா, அப்பா ரத்தத்தையும் கூடவே எடுத்து வைப்பது நல்லது. ரிப்போர்ட் வரச் சில வாரம் ஆகும். அதுவரை காரத்தையும் பொட்டாசியத்தையும் நிறுத்திவைக்க வேண்டியதில்லை. "முக்கியத்துவம் தெளிவில்லாத மாற்றம்" என்று வந்தால் அது நோய்ச் சான்று ஆகாது. எதுவும் இல்லை என்று வந்தாலும் முடிந்துபோகவில்லை: தாகத்தோடு தொடங்கிக் கிட்னியை மெல்லக் கெடுக்கும் நெஃப்ரோனோப்திசிஸ் என்ற பரம்பரை நோயில் சில பிள்ளைகளுக்கு மரபணு முழுசாகவே காணாமல் போயிருக்கும். எழுத்துப் பிழையை மட்டும் தேடுகிற சோதனை, பக்கமே கிழிந்துபோனதைக் கவனிக்காமல் விடலாம். அதையும் பார்த்தீர்களா என்று லேபில் கேளுங்கள்.

இப்போது வீட்டு விஷயம். அக்கா மகளைக் கட்டுவதும் மாமன் மகளைக் கட்டுவதும் நம் பக்கத்து வழக்கம். நான் சொன்ன நோய்களில் பல, தாய், தகப்பன் இருவரும் ஒரே பழுதைச் சுமந்தால்தான் பிள்ளைக்கு வரும். பொதுவான முன்னோரிடமிருந்து ஒரே மரபணுவின் இரண்டு பிரதியும் பிள்ளைக்கு வந்துசேரும் வாய்ப்பு, மாமன் மகளைக் கட்டினால் 16இல் 1, அக்கா மகளைக் கட்டினால் 8இல் 1. அதற்காகக் கட்டினவர்களைக் கூண்டில் ஏற்றுவதில் பிள்ளைக்கு லாபமில்லை. மருமகளை மட்டும் குறைசொல்கிற மாமியார்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: பழுது இரண்டு பக்கமும் பாதிப் பாதி. நாலில் ஒன்று என்று டாக்டர் சொன்னால், "ஒண்ணுக்கு வந்திருச்சு, இனி மூணுக்கு வராது" என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் அதே நாலில் ஒன்றுதான், கணக்கு புதிதாகத் தொடங்கும்.

ஆகவே அடுத்த பிள்ளைக்கு முன்பே ரிப்போர்ட் கையில் இருக்கட்டும். கருப்பையில் நஞ்சுக்கொடித் திசு எடுத்துப் பார்ப்பது 11 வாரத்திலிருந்து 14 வாரத்துக்குள், பனிக்குட நீர் என்றால் 16 வாரம் சுமார். என்ன மாற்றத்தைத் தேடுவது என்று தெரியாமல் நான்காம் மாசத்தில் ஓடிவந்தால் நேரம் போதாது. ஆணா பெண்ணா என்று சொல்வதைச் சட்டம் தடுக்கிறது, கேட்காதீர்கள். சோதனை வேண்டாம், பிறந்தபின் பார்த்துக்கொள்கிறோம் என்றால் அதுவும் உங்கள் உரிமை. அப்படியென்றால் பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் மூத்த பிள்ளையின் ரிப்போர்ட்டை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். சிஸ்டினோசிஸ் வீட்டில் பிறந்த குழந்தைக்கு முதல் சில வாரங்களிலேயே ரத்தம் எடுத்துவிட்டால், தாகமும் கால் வளைவும் தொடங்குமுன்னே மருந்தைத் தொடங்கிவிடலாம்.